ஆய்வு மாணவர் உதவி மையங்களில் எதற்கு முதலில் போவது? மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்

இரவுப்பணி ஆய்வு எழுதியது:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது. சேர்ந்த முதல் வாரம் அறிமுக நிகழ்ச்சியில் ஒரு தடித்த கோப்பு கொடுத்தார்கள். எழுத்து மையம், புள்ளியியல் ஆலோசனை, நூலக உதவி, உளவள ஆலோசனை, அவசர நிதி, வேலைவாய்ப்பு வழிகாட்டல், மூத்த மாணவர் துணைத் திட்டம் என்று பன்னிரண்டு பெயர்கள் அதில் இருந்தன. அன்று மேசை இழுப்பறையில் வைத்தேன். போன வாரம்தான் வெளியே எடுத்தேன். இத்தனை நாளில் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் செவிலியர்களின் தூக்கம்தான் தலைப்பு. தொடர்ந்து இரவுப்பணி பார்ப்பவர்கள், சுழற்சி முறையில் பார்ப்பவர்கள் என்று இரண்டு குழு. பிட்ஸ்பர்க் தூக்கத்தர வினாத்தாளை நான்கு மாத இடைவெளியில் மூன்று முறை கொடுத்தேன். முதல் முறை 212 பேர், இரண்டாம் முறை 181, மூன்றாம் முறை 149. ஆக மொத்தம் 542 வரிசைகள் கொண்ட ஒரு தரவுத்தாள் கையில் இருக்கிறது. இரண்டு குழுவின் சராசரியையும் அதில் ஒப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெளிவாகவே வருகிறது.

நிற்பது எழுத்தில். இரண்டாம் இயல், முன்னாய்வுகளைத் தொகுக்கும் பகுதி, எட்டு மாதமாகப் பதினோரு பக்கத்தைத் தாண்டவில்லை. நெறியாளர் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஏழு ஆய்வு மாணவர்கள், போதாததற்கு நிர்வாகப் பொறுப்பும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கிடைக்கும். "எதுவரை வந்திருக்கிறது?" என்பார். "போய்க்கொண்டிருக்கிறது சார்" என்பேன். "எழுதியதை அனுப்பு" என்பார். அனுப்பும்படி எதுவும் இருக்காது. உதவித்தொகை இன்னும் 14 மாதம்தான்.

இந்த மையங்களால் உண்மையில் பயன் உண்டா? இருந்தால் எதில் தொடங்குவது? அரைகுறையாக எழுதியதை எடுத்துக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நான் அங்கெல்லாம் போனது நெறியாளருக்குத் தெரியவருமா? இரண்டு மாதமாக இரவில் சரியாகத் தூங்கவில்லை. தூக்கத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டே இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

---

குளத்துமீன் எழுதியது:

போன ஆண்டுதான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். நீங்கள் எழுத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வாரமே புள்ளியியல் ஆலோசனைக்கு நேரம் கேளுங்கள்.

காரணம் அந்த 542 தான். உங்களிடம் இருப்பது 542 ஆட்கள் இல்லை, 212 செவிலியர்கள். ஒரே ஆள் மூன்று முறை சொன்ன பதில்கள் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். அவற்றை மூன்று தனி ஆட்களின் பதில்களாக எண்ணிக் குழுக்களை ஒப்பிட்டால், இருக்கும் சான்று பெரிதாகத் தோன்றும். தெளிவாக வருகிறது என்று நீங்கள் சொல்லும் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லாமல் போகலாம். ஒரே வார்டில் வேலை பார்ப்பவர்களும் ஒரே மாதிரி இருப்பார்கள், அதே சூழல், அதே பணிப்பட்டியல். இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கும் முறைகள் இருக்கின்றன. கலப்பு விளைவு மாதிரி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். புத்தகத்தைப் பார்த்துத் தனியாகக் கற்கப் பல வாரம் ஆகும். தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் உங்கள் தரவை வைத்தே பாதையைக் காட்டிவிடுவார்.

அப்புறம், மூன்றாம் முறை விடுபட்ட 63 பேர். ஏன் விடுபட்டார்கள் என்று அவர் கட்டாயம் கேட்பார். தூங்க முடியாமல் இரவுப்பணியை விட்டுப் போனவர்களே விடுபட்டிருந்தால், மிஞ்சியவர்களின் தூக்கம் உண்மையைவிட நன்றாகத் தெரியும். போகும் முன் இதற்கு ஏதாவது பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று தேடி வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் ஆய்வு மீன்களின் வளர்ச்சி பற்றியது. இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றில் சூடேற்றி பொருத்தினேன், மற்றதில் இல்லை. ஒவ்வொன்றிலும் முப்பது மீன். ஐந்து மாதம் வாரம் தவறாமல் அளந்தேன், ஞாயிற்றுக்கிழமைகூட. எல்லாம் முடிந்தபின்தான், வரைபடத்தைக் கொஞ்சம் அழகாக்கித் தருவார்கள் என்ற எண்ணத்தில், புள்ளியியல் ஆலோசனைக்குப் போனேன். அந்த அம்மா பத்து நிமிடம் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சூடான தொட்டி எத்தனை?" என்றார். "ஒன்று" என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. முப்பது மீன் இருந்தாலும் சூடு ஒரே ஒரு தொட்டிக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. மீன்கள் வேகமாக வளர்ந்தது சூட்டினாலா, அந்தத் தொட்டியில் இருந்த வேறு எதனாலா என்று சொல்ல வழியே இல்லை. போலி மறுசெய்கை என்று இதற்குப் பெயர். சூழலியலில் இந்தத் தவறு எவ்வளவு மலிந்திருக்கிறது என்று ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984இலேயே ஒரு பெரிய கட்டுரை எழுதியிருக்கிறார். எட்டுத் தொட்டிகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினேன். எட்டு மாதம் போனது.

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில் சொன்னதை அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது போல; சோதனை எதனால் செத்தது என்று மட்டும் அவரால் சொல்ல முடியும் என்றாராம். உங்கள் தரவு சாகவில்லை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்த தரவு மதிப்புள்ளது, ஆராயும் முறை மட்டும் மாற வேண்டும். அதனால்தான் இப்போதே போங்கள் என்கிறேன்.

போகும்போது தரவுத்தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கேள்வி, யாரை எப்போது எத்தனை முறை அளந்தீர்கள், எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம். முதல் சந்திப்பில் பாதி நேரம் இதைப் புரியவைப்பதிலேயே போய்விடும். அந்தப் பக்கம் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் வேலைக்குள் இறங்கிவிடலாம்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். அரைகுறையாக எடுத்துப் போனால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். எழுத்து மையம் இருப்பதே அரைகுறைக்காகத்தான். முடித்ததை எடுத்துப் போனால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு. நான் எழுத்துப்பிழை திருத்துவார்கள் என்று நினைத்துப் போனேன். அதை அவர்கள் செய்யவில்லை. நான்கு பக்கத்தை என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் "இந்தப் பத்தி என்ன சொல்கிறது?" என்று ஒரே வரி எழுதச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மொத்த இயலுக்கும் அதைச் செய்தேன். 26 பத்தி இருந்தது. அதில் 19 பத்திக்கு என்னால் எழுத முடிந்தது "இன்னார் இந்த ஆண்டில் இதைக் கண்டறிந்தார்" என்பது மட்டும்தான். பத்தொன்பது பேர் சொன்னதை வரிசையாக அடுக்கியிருந்தேன், நான் சொன்னது எதுவும் இல்லை. இயல் நகராததற்குக் காரணம் அதுதான். அடுக்கிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஆசிரியர் வாரியாக எழுதியதைக் கலைத்து, கேள்வி வாரியாக மாற்றினேன். வளர்ச்சியை எப்படி அளந்தார்கள், எந்த வெப்பநிலையில் முடிவுகள் முரண்படுகின்றன, ஏன் முரண்படுகின்றன என்று. இரண்டரை மாதத்தில் முடிந்தது.

என்னை வாரம் தவறாமல் உட்காரவைத்தது எழுத்துக் குழு. உங்கள் கோப்பில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து நீங்களே தொடங்கலாம். எங்களுடையது செவ்வாய், வியாழன் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஐந்து பேர், ஐந்தும் வேறு வேறு துறை. உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் அன்றைக்கு எதை எழுதப் போகிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்வோம். "இரண்டாம் இயல் எழுதுவேன்" என்றால் ஏற்க மாட்டார்கள். "அளவீட்டு முறைகளைப் பற்றி மூன்று பத்தி" என்று சொல்ல வேண்டும். பிறகு பேச்சே கிடையாது. ஐம்பது நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் ஓய்வு. யாரும் யாருடையதையும் படிப்பதில்லை, திருத்துவதில்லை. ஆனாலும் எதிரே நால்வர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக மனம் வராது. ஆய்வேட்டின் பெரும்பகுதி அந்த அறையில் எழுதப்பட்டது.

நெறியாளருக்குத் தெரியுமா என்றால், நீங்கள் சொன்னால் தெரியும். எழுத்து மையமோ புள்ளியியல் ஆலோசனையோ யார் வந்தார்கள் என்று நெறியாளருக்கு எழுதிப் போடுவது வழக்கமில்லை. உளவள ஆலோசனை இன்னும் கண்டிப்பானது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள் தவிர, சொன்னது வெளியே போகாது. அந்த விதிவிலக்குகளை முதல் சந்திப்பிலேயே விளக்குவார்கள், விளக்காவிட்டால் கேளுங்கள்.

தூக்கம் இல்லை என்றீர்களே, அதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 2018இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. 26 நாடுகள், 234 நிறுவனங்கள், 2,279 பேர், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு அளவில் 39 சதவீதம் பேர் இருந்தார்கள். பொதுமக்களில் 6 சதவீதம் என்று அதிலேயே ஒப்பிட்டிருந்தார்கள். விருப்பப்பட்டுப் பதில் அளித்தவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லா மாணவர்களுக்கும் பொருத்தக் கூடாது. ஆனாலும் இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்வது இல்லை என்பதற்கு அது போதும். இரண்டு மாதத் தூக்கமின்மை என்பது ஆலோசகரிடம் போகத் தகுந்த காரணம். இன்னும் மோசமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

---

அடுக்கின் நடுவே எழுதியது:

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் சுகாதாரத் துறைகளுக்கான நூலகர். குளத்துமீன் சொன்னது அத்தனையும் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எட்டு மாதம் ஒரே பக்கத்தில் நிற்கும் முன்னாய்வு இயல்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் எழுத்துப் பிரச்சினை இல்லை, தேடல் பிரச்சினை. ஏதாவது விட்டுப் போயிருக்குமோ என்ற பயத்தில் தேடிக்கொண்டே இருப்பார்கள், அதனால் எழுதத் தொடங்க மாட்டார்கள்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் "இரவுப்பணி செவிலியர் தூக்கம்" என்பதற்கான மூன்று ஆங்கிலச் சொற்களை அப்படியே போட்டுத் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே கட்டுரைகளை வகைப்படுத்தப் பயன்படும் மெஷ் என்ற பொருள்தலைப்புப் பட்டியலில் இதற்கு ஒரே பெயர் இல்லை. "ஷிஃப்ட் வொர்க் ஸ்கெட்யூல்" என்று ஒன்று, "வொர்க் ஸ்கெட்யூல் டாலரன்ஸ்" என்று பழைய கட்டுரைகளில் அதிகம் வரும் இன்னொன்று. இரண்டையும் சேர்க்காவிட்டால் ஒரு காலகட்டத்துக் கட்டுரைகளே கண்ணில் படாமல் போகும். செவிலியர் துறைக்கென்றே சினால் என்ற தரவுத்தளம் இருக்கிறது. பப்மெட்டில் இல்லாத இதழ்கள் அதில் உண்டு. அதற்கான பொருள்தலைப்புகள் வேறு.

உங்கள் துறைக்கான நூலகர் யார் என்று நூலகப் பக்கத்தில் பெயரோடு இருக்கும். அவருக்கு நேராக எழுதுங்கள். பொது உதவி மேசைக்குப் போகாதீர்கள், அங்கே இருப்பவர் உங்களை அவரிடம்தான் அனுப்புவார். நாற்பது நிமிடம் போதும். தேடல் வரியை இருவரும் சேர்ந்து எழுதுவீர்கள், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் எத்தனை கிடைத்தது என்று பதிவு செய்வீர்கள், ஸோட்டெரோ போன்ற, கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் ஒன்றில் கொட்டி இரட்டிப்புகளை நீக்குவீர்கள். ஸோட்டெரோ இலவசம். பிரிஸ்மா 2020 என்ற அறிக்கை நெறிமுறையில் இதற்கு ஒரு ஓட்டப்படம் இருக்கிறது. உங்களுடையது முறைசார் தொகுப்பாய்வாக இல்லாவிட்டாலும் அந்தப் படத்தை வரைந்து வையுங்கள். வாய்மொழித் தேர்வில் "இந்தக் கட்டுரைகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால் அதை எடுத்துக் காட்டலாம். அதைவிட முக்கியமாக, தேடல் முடிந்தது என்று உங்களுக்கே ஒரு தேதி கிடைக்கும். அதற்குப் பிறகு வருவதைத் தளங்களின் தானியங்கி அறிவிப்பு மின்னஞ்சலில் கொண்டுவந்து தரும்.

இன்னொன்று. பிட்ஸ்பர்க் வினாத்தாளுக்கு உரிமையாளர் உண்டு, அது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். பயன்படுத்த அனுமதி பெற்ற கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வினாத்தாளை முழுதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்காக அலைந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

---

நடுவில் நிறுத்தியவன் எழுதியது:

உங்களுக்கு நெறியாளரோடு சண்டை இல்லை என்பது தெரிகிறது, நல்லது. ஆனாலும் இந்தத் தலைப்பைப் பார்த்து வேறு நிலைமையில் இருப்பவர்கள் உள்ளே வரக்கூடும், அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எனக்கு நான்காம் ஆண்டில் ஒரு கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் தகராறு. வடிவமைப்பு, சோதனை, முதல் வரைவு மூன்றும் நான். சமர்ப்பிக்கும் நேரத்தில் வேறொருவர் பெயர் முன்னால் வந்திருந்தது. நெறியாளரிடம் கேட்டேன், பேச்சு சூடாகி முடிந்தது. அதன்பின் ஆறு வாரம் ஆய்வகத்துக்குப் போகவில்லை.

ஒரு சக மாணவி சொல்லித்தான் ஆம்பட்ஸ் அலுவலகம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. குறைகேள் அலுவலர் என்று சில இடங்களில் சொல்வார்கள். அவர் எந்தத் துறைக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, யார் பக்கமும் பேசுவதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை. முக்கியமான ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் பேசுவது முறையான புகார் ஆகாது. புகார் பதிவாக வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி, அந்த வழி எது, அதில் என்ன நடக்கும், கெடு எவ்வளவு என்று அவர் விளக்குவார். எனக்கு அவர் செய்தது இரண்டு. மருத்துவ இதழாசிரியர் குழுவின் ஆசிரியர் தகுதிக்கான நான்கு நிபந்தனைகளை எடுத்து முன்னால் வைத்தார். கருத்திலோ வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ கூர்ந்து திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பு. இந்த நான்கிலும் யார் என்ன செய்தார்கள் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதச் சொன்னார். கோபத்தில் நான் எழுதி வைத்திருந்த மூன்று பக்கக் கடிதத்துக்குப் பதிலாக அந்த ஒரு தாள் போனது. அந்த நிபந்தனைகள் யார் ஆசிரியர் என்பதைத்தான் சொல்கின்றன, யார் முதலில் என்பதைச் சொல்வதில்லை. இருந்தாலும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசியபோது வரிசை மாறியது.

பிறகும் எனக்கு உடம்பும் மனமும் சரியாக இல்லை. ஒரு பருவம் விடுப்பு எடுத்தேன். விடுப்பு எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கு இடத்தில் கேளுங்கள். உதவித்தொகை நிற்குமா, மருத்துவக் காப்பீடு தொடருமா, விடுதி அறை இருக்குமா, வெளிநாட்டு மாணவர் என்றால் விசா என்ன ஆகும். நான்கையும் ஒரே அலுவலகம் சொல்லாது. நான் முதல் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு விடுப்பில் போனேன். அறையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது சாமானை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவசர நிதி ஒன்று அப்போது உதவியது. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, ஒரு பக்க விண்ணப்பம்தான். நான்கு ஆண்டு அதன் பெயரைத் தினமும் அறிவிப்புப் பலகையில் பார்த்தும் படிக்காமல் கடந்து போயிருக்கிறேன்.

விடுப்பு முடிந்து வந்து முடித்துவிட்டேன்.

---

இரவுப்பணி ஆய்வு எழுதியது:

மூவருக்கும் நன்றி. 542 விஷயத்தைப் படித்ததும் கை கால் ஓடவில்லை. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கை வைத்து ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம்கூட அனுப்பியிருக்கிறேன், இன்னும் ஏற்கவில்லை.

குளத்துமீன் அக்கா (அக்கா என்று கூப்பிடலாம்தானே?), இதை நெறியாளரிடம் எப்படிச் சொல்வது? புள்ளியியல் ஆலோசனைக்கு அவரிடம் சொல்லாமல் போனால் தவறாக நினைப்பாரோ என்றும் இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து அடிப்படையே தப்பு என்று போய் நிற்பது...

---

குளத்துமீன் எழுதியது:

தாராளமாகக் கூப்பிடுங்கள்.

அடிப்படை தப்பில்லை. தரவு சேகரித்த முறை நன்றாகவே இருக்கிறது, முதல் கட்டக் கணக்கு மட்டும் மாற வேண்டும். நெறியாளரிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நேரில் சொல்ல இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், ஐந்தே வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே ஆளின் தொடர் அளவீடுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டுவிட்டேன், சரியான முறைக்காக இந்தத் தேதியில் புள்ளியியல் ஆலோசனைக்குப் போகிறேன், முடிவை இந்தத் தேதிக்குள் அனுப்புகிறேன், மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்தி அனுப்பலாமா. அவ்வளவுதான். ஏழு மாணவர்களை வைத்திருக்கும் ஒருவருக்கு, பிரச்சினையோடு அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதும் சேர்ந்து வந்தால் பதில் எழுதச் சுலபம். என் தொட்டிக் கதையை என் நெறியாளரிடம் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். சொன்னபோது அவர் கேட்டது, "ஏன் மூன்று வாரம் கழித்துச் சொல்கிறாய்?" என்பதுதான்.

இனி அந்த அரைமணிச் சந்திப்புகளுக்கும் முந்தின நாளே இரண்டு பக்கம் அனுப்பிவிடுங்கள். இரண்டே பக்கம், அரைகுறையாக இருக்கட்டும், மேலே மூன்று கேள்வி. அப்போது "எதுவரை வந்திருக்கிறது?" என்று தொடங்க மாட்டார், உங்கள் முதல் கேள்வியில் தொடங்குவார்.

இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். உளவள ஆலோசனைக்கு நேரம் கேட்டீர்களா?

---

இரவுப்பணி ஆய்வு எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன்.

அக்கா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். கேட்டேன். முதல் நேரம் 19 நாள் கழித்துத்தான் கிடைத்தது. ரத்தாகும் நேரம் ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்தேன், ஆறாம் நாளே கூப்பிட்டார்கள். நான்கு முறை போயிருக்கிறேன். என் தூக்கத்தைப் பற்றி நானே நாட்குறிப்பு எழுதுகிறேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது எழுந்தேன் என்று. இப்போது பெரும்பாலான இரவுகளில் ஆறு மணி நேரம் தூங்குகிறேன்.

புள்ளியியல் ஆலோசனையில் இருந்தவர் நீங்கள் சொன்னது போலவே 63 பேரைப் பற்றித்தான் முதலில் கேட்டார். என் தொடர்புப் பதிவேட்டைப் பார்த்தால் 22 பேர் இரவுப்பணியிலிருந்து மாறியிருக்கிறார்கள், 9 பேர் வேலையையே விட்டிருக்கிறார்கள். இதை நான் குறித்து வைத்திருந்தேன், ஆனால் தரவாக நினைக்கவே இல்லை. இதைத் தனி இயலாகவே எழுதலாம் என்கிறார் அவர். கலப்பு விளைவு மாதிரியில் இரண்டு குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் சின்னதாகிவிட்டது, ஆனால் இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்று இப்போதுதான் நேர்மையாகத் தெரிகிறது. நெறியாளருக்கு ஐந்து வரி எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. "சுருக்கத்தைத் திரும்பப் பெறு. ஆலோசனை முடிந்ததும் எனக்கும் விளக்கு, மற்ற மாணவர்களையும் கூப்பிடலாம்" என்று. வரும் புதன்கிழமை ஏழு பேர் முன்னால் நான் விளக்கப் போகிறேன்.

அடுக்கின் நடுவே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. எங்கள் துறை நூலகருக்கு எழுதினேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து உதவினார். மூன்று தளத்தில் சேர்த்து 1,146 வந்தது, இரட்டிப்பு நீக்கி 803, தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து 94. எட்டு மாதத்தில் நான் சேர்த்து வைத்திருந்த 61 கட்டுரைகளில் 17 இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அவற்றை ஏன் படித்தேன் என்றே தெரியவில்லை. அனுமதிக் கடிதம் இருக்கிறது, பின்னிணைப்புக்கு மட்டும் இப்போது எழுதிக் கேட்டிருக்கிறேன்.

எழுத்துக் குழு எங்கள் கோப்பில் இல்லை. விடுதியில் இருக்கும் ஒரு வரலாற்று மாணவி, ஒரு கட்டடவியல் மாணவர், நான் என்று மூன்று பேரோடு திங்கள், வெள்ளி தொடங்கியிருக்கிறோம். இரண்டாம் இயல் 24ஆம் பக்கத்தில் இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. "தூக்கத்தை வினாத்தாளால் அளப்பதற்கும் மணிக்கட்டில் கட்டும் கருவியால் அளப்பதற்கும் உள்ள முரண்பாடு, இரண்டு பத்தி" என்று சொல்லப் போகிறேன்.